பரிசு தர மறுத்த மிஸ்ஸிக்கு

மழையென்றும் மலையென்றும் பாராமல் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஏறி வந்து, எங்கள் பிள்ளைகளைத் தூக்கி எடை பார்த்த தாயே! குடும்பநல உத்தியோகத்தர் என்று அரசாங்கம் பெயரிட்டாலும், மிஸ்ஸி என்றே நோட்டன் பிரிட்ஜ் வட்டாரத் தேயிலைத் தோட்டங்கள் யாவும் அழைக்கும் ஸில்மியா அம்மையே! ஓய்வு பெற்று ஹட்டனுக்குத் திரும்பும் தங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்!

பொறுமையின் சிகரமே, இன்சொல்லின் இருப்பிடமே என்றெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தோம். பேனா நகரவில்லை. தங்களிடம் ஏச்சு வாங்காத தாய் இந்த மலையில் யார்? ஆகவே பட்டங்களை ஒதுக்கிவிட்டு நடந்த ஒன்றைச் சொல்கிறோம். எங்கள் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரியந்தியின் கதை இது. அவரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது, இருந்தாலும் முன்வரிசையிலிருந்து எங்களை முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற ஆண்டில் பிரியந்தி கர்ப்பிணி. வெறும் தேநீரும் அரை ரொட்டியுமாகக் கொழுந்து பறித்தார். மகன் விஜிதரன் உள்ளங்கையில் அடங்கும்படி பிறந்தான். அவனைப் பார்த்த நொடியே, இனி ஒருபொழுதும் இவனுக்குப் பசிக்கக்கூடாது என்று அந்தத் தாய் வைராக்கியம் கொண்டார். நிலைமை சற்றுத் தேறியதும் தகர டப்பாவில் வரும் இனிப்பான ரின் பால், சீனி கரைத்த போத்தல், தேநீரில் ஊறிய பிஸ்கட் என்று ஓயாமல் ஊட்டினார். பிள்ளை ஊதிப் பெருத்தான். உப்பிய பன் ரொட்டி போல் இருக்கிறான் என்று லயத்தார் அவனுக்குப் பணிஸ் என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள்.

சித்திரைப் புத்தாண்டு விழாவில் குழந்தைப் போட்டி வந்தது. கொழுத்த பிள்ளைக்கே பரிசுக் கிண்ணம் என்பது தோட்டத்து வழக்கம். அந்தக் கிண்ணத்தை வைக்கப் பிரியந்தியின் கணவர் டீவிக்கு மேல் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தார். நடுவராக வந்த தாங்களோ விஜிதரனைத் தூக்கிப் பார்த்து, என்ன ஊட்டுகிறாய் என்று கேட்டுவிட்டு, சுறுசுறுப்பாகத் தவழ்ந்துகொண்டிருந்த ஓர் ஒல்லிப் பெண்குழந்தைக்குப் பரிசைக் கொடுத்தீர்கள். பிரியந்தி நேரே மேடைக்கு வந்தார்.

"பசியிலேயே பொறந்த புள்ளைங்க மிஸ்ஸி. இப்ப வயிறு நெறைய குடுக்குறது குத்தமா?"

அதன்பின் அவர் கிளினிக் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. டவுன்காரிக்கு நம் பசி எங்கே தெரியும் என்று லயமே தங்களைத் தூற்றியது. தாங்கள் வாரந்தோறும் அவர் வாசலுக்குப் போனீர்கள். கதவு திறக்கவில்லை. ஒருநாள் தூறலில் நனைந்தபடி மூடிய கதவிடமே பேசினீர்கள்.

"எங்க தம்பி அஃப்ஹமும் இத்துனூண்டாத்தான் பொறந்தான். உம்மா ஒன்ன மாதிரியே பயந்து, வாப்பா கடையில இருந்த ரின் பாலையெல்லாம் ஊட்டுனாங்க. முப்பது வயசுல சீனி வியாதி வந்து ஒரு கால எடுத்துட்டாங்க. சின்னதாப் பொறந்த எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனா வயித்துல இருக்கும்போதே கொஞ்சத்துல வாழப் பழகுன ஒடம்பு அது. அது மேல திடீர்னு கொட்டாத. ஒன் மேல குத்தமே இல்ல பிரியந்தி."

ஹட்டன் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அஃப்ஹமைத் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. அவர் எழுந்து நின்றதை ஒருநாளும் பார்த்ததே இல்லை என்பது பிரியந்திக்கு அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறந்தார். பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டார்.

தாய்ப்பால், சோறு, பருப்பு, கீரை, முட்டை என்று சொன்னீர்கள். சொல்வது சுலபம். போத்தலை நிறுத்தியதும் பிள்ளை லயமே அதிரக் கத்தினான். பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று அக்கம்பக்கத்தார் காதுபடவே பேசினார்கள். பசியை அறிந்த ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா! பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தாங்கினார். ஏசிக்கொண்டே தாங்கள் பக்கத்தில் நின்றீர்கள். அடுத்த ஆண்டு முதல் அந்தப் போட்டியையே நிறுத்தவைத்து, கிண்ணத்துக்கான செலவில் கர்ப்பிணிகளுக்கு முட்டை வாங்கவைத்தீர்கள். இன்று விஜிதரன் பிள்ளைக்காம்பராவில் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிறான். அவனைப் பிடிப்பதற்குள் எங்களுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

அம்மையே! காய்ச்சல் தீர்ந்தவர் வாழைக்குலையோடு நன்றி சொல்ல வருவார். வராத நோய்க்கு நன்றி சொல்ல யார் வருவார்? விஜிதரனுக்கு அந்த வியாதி வரவே வராது என்று தாங்களும் சத்தியம் செய்யவில்லை, நம்மாலானதைச் செய்தோம் என்றுதான் சொன்னீர்கள். நாற்பது வயதில் அவன் இரண்டு கால்களாலும் இந்த மலையேறும்போது, எதிலிருந்து தப்பினோம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்காது. தங்கள் பெயரும் நினைவில் இராது. அதனால் அந்த மனிதனின் நன்றியை அவனைப் பெற்றவர் இன்றே எழுந்து நின்று சொல்கிறார். ஏற்றுக்கொள்ளுங்கள் மிஸ்ஸி.

நீடூழி வாழ்க என்று பொதுவாக வாழ்த்த எங்களுக்கு மனமில்லை. விஜிதரனுக்கு நாற்பது வயதாகும் அன்று, தாங்களே வந்து அவன் இரத்தத்தில் சீனி பார்த்துச் சொல்ல வேண்டும். அப்போது தங்களுக்கு நூறு நெருங்கிவிடும். பரவாயில்லை, இருந்தே ஆகவேண்டும்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
கிளினிக் ஊழியர்களும் பிள்ளைக்காம்பராப் பணியாளர்களும்,
நோட்டன் பிரிட்ஜ்.