மஞ்சள் புள்ளி வைத்த சிலிண்டர்

பிரேக் வேலைக்கு வண்டி வந்தால் நான் முதலில் கேட்பது, வண்டி மலை ஏறுமா என்பதைத்தான். கொண்டப்பநாயக்கன்பட்டியில் பட்டறை வைத்திருக்கிற யாரும் அதைக் கேட்காமல் வேலையில் கை வைக்க மாட்டார்கள். எங்கள் தெருவைத் தாண்டினால் ஏற்காட்டு மலைப்பாதை. ஜெயபிரகாஷிடமும் கேட்டேன். “மேல பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்க. தெனமும் ஏறி எறங்கோணும்” என்றார். இதை நீங்கள் முதலிலேயே எழுதிக்கொள்ளலாம் மேடம். நான் எதையும் மறைக்க வரவில்லை. நேற்றிலிருந்து மனசாட்சி உறுத்துகிறது. அதனால்தான் காலையில் கடையைக்கூடத் திறக்காமல் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

என் பெயர் பாலசுந்தரம், வயது நாற்பத்தாறு. கார் உதிரி பாகங்களை விற்று, நானே மாட்டியும் கொடுக்கிறேன். இளவழகனை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நாமக்கல்லில் ஒரு லாரி பிரேக் பட்டறையில் நானும் அவனும் ஒரே மேசையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தோம். ஒரே போசியில் சோறு தின்றோம். பழைய பாகத்தைப் பிரித்து, தேய்ந்த இடத்தைக் கடைந்து, புது ரப்பர் போட்டு மறுபடி ஓட வைப்பதை நாங்கள் ரீகண்டிஷன் என்போம். நான் செய்ததில் பத்துக்கு ஒன்று கசிந்து திரும்பி வரும். அவன் செய்ததில் ஒன்றுகூட வந்ததில்லை. இரண்டு பேருக்கும் ஒரே லேத், ஒரே ரப்பர், ஒரே எண்ணெய். அவன் கையை எத்தனையோ நாள் உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். நான் செய்யாத எதையும் அவன் செய்யவில்லை.

எனக்கு அவன்மேல் பொறாமைதான். அதை இன்று சொல்வதில் வெட்கம் இல்லை. பல்வலி மாதிரி அது, வேலையாக இருந்தால் தெரியாது, படுத்தால் தெரியும்.

அதனால் நான் ரீகண்டிஷனை விட்டேன். புதுப் பாகம் மட்டும் விற்பேன் என்று கடை போட்டேன். கம்பெனி அட்டைப்பெட்டி, உத்தரவாதச் சீட்டு, எல்லாம் உண்டு. பக்கத்துத் தெருவிலேயே அவன் வந்து பட்டறை போட்டான். அதன்பிறகு வருகிறவர்கள் என் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “இளவழகன் செஞ்சது இருக்குதுங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவனிடம் போய் வாங்கிவந்து நான் மாட்டிக் கொடுப்பேன். என் வீட்டுக்காரி பிரபாவே, எங்கள் சொந்த வண்டியின் ஸ்டார்ட்டர் படுத்தபோது, “நீங்க ஏனுங்க மெனக்கெடறீங்க, அந்தண்ணங்கிட்டக் குடுத்துருங்க” என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இளவழகனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பிரேக் சிலிண்டரின் வாயை மூடும் வளையத்தின்மேல், தீக்குச்சி முனையால் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பான். வேறு யாராவது பிரித்தால் புள்ளி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அவன் இடது கைக்காரன். அதனால் புள்ளியின் வலது பக்கம் ஒரு சின்ன வால் இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த வாலைப் பார்த்தே ஊரில் பாகம் வாங்கினார்கள்.

தை மாதத்தில் நான் சேலம் டவுனுக்குப் போயிருந்தபோது அதே மஞ்சளில் ஒரு சின்ன டப்பா வாங்கினேன். முதல் இரண்டு கடையில் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மூன்றாவது கடையில் சரியாகக் கிடைத்தது. என்ன நோக்கத்தில் வாங்கினேன் என்று கேட்பீர்கள். நோக்கம் ஒன்றும் இல்லை. பழைய சிலிண்டர்களின்மேல் இடது கையால் வைத்துப் பழகிப் பார்த்தேன், அவ்வளவுதான். மாசி, பங்குனி இரண்டு மாதம் ஆனது வால் சரியாக விழ.

ஜெயபிரகாஷ் வந்தது பள்ளிக்கூடம் திறந்த வாரம். மாஸ்டர் சிலிண்டர் போயிருந்தது. பெடலை மிதித்தால் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற பாகம் அது. நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். புதுசை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். மலைக்குப் புதுசுதான் நல்லது என்று சொன்னேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கோவிச்சுக்காதீங்க. இளவழகண்ணன் செஞ்சது கெடச்சா அதையே போட்டுருங்க. புதுசவிட அதுதான் நம்பிக்கைன்னு எங்கம்மா சொல்லி உட்டாங்க.”

கோவிக்கவில்லை. பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, பழைய சிலிண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனேன். பழையதைக் கொடுத்தால்தான் அவன் செய்ததைத் தருவான், அது எங்கள் தொழில் வழக்கம்.

“மலை வண்டியா பாலு? அப்ப இதக் கொண்டு போ. நேத்துத்தான் முடிச்சேன்” என்று துணியில் துடைத்துக் கொடுத்தான். பிறகு, “நீ மாட்டறேன்னா எனக்கு ஒரு கவலையும் இல்ல” என்றான்.

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நாற்பத்தாறு வயசில் ஒருத்தன் இன்னொருத்தனுக்கு நல்ல பிள்ளை என்று சான்றிதழ் கொடுப்பது மாதிரி இருந்தது. வழியெல்லாம் அது காதிலேயே கேட்டது.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம். வளையத்தைக் கழற்றினேன். உள்ளே இரண்டு ரப்பர்கள் இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று பாதி வண்டியைப் பிடிக்கும். அதனால் இரண்டின் விளிம்பிலும் பிளேடால் அரை நகம் அகலத்துக்குக் கீறினேன். உள்ளே தள்ளும்போது எண்ணெய்த் துவாரத்தில் உரசினால் விழும் கிழிசல் எப்படி இருக்குமோ, அப்படியே. எங்கள் தொழிலில் அவசரப்பட்டால் அந்தத் தப்பு நடக்கும். திரும்பப் பூட்டினேன். பழைய மஞ்சளைச் சுரண்டிவிட்டு இடது கையால் புள்ளி வைத்தேன். ஒரே தரத்தில் விழுந்தது. அது காய்கிற வரைக்கும் தயிர்சோறு சாப்பிட்டேன்.

சாயங்காலம் வண்டியில் மாட்டி, அஸ்தம்பட்டி வரை நானே ஓட்டிப் பார்த்தேன். சமதளத்தில் ஒரு குறையும் தெரியாது. இறக்கத்தில் மிதித்தபடியே வந்தால்தான் கிழிசல் விரிந்து பெடல் கீழே போகும். வண்டியைக் கொடுக்கும்போது முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். ஜெயபிரகாஷ் அதை நசுக்கிக்கொண்டு ஓட்டிப் போனார், கையாட்டினார்.

நான் நினைத்தது இவ்வளவுதான் மேடம். பெடல் கொஞ்சம் இறங்கும், அவர் பயந்து திரும்பி வருவார், நான் நாலு பேர் முன்னால் பிரித்துக் காட்டுவேன், அந்தப் புதுப் பெட்டியை எடுத்து மாட்டுவேன். மூன்று நாள் காத்திருந்தேன். பெட்டியைத் தூசி தட்டி மேசைமேலேயே வைத்திருந்தேன். அவருடைய போன் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிடவில்லை. நாமே கூப்பிட்டால் சந்தேகம் வரும் என்று பட்டது.

நான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் சுவரை உடைத்துக்கொண்டு விழுந்தார். அது உங்களுக்குத் தெரிந்த கதை.

சிலிண்டரைப் பிரித்த அன்று நீங்களும் இருந்தீர்கள். பிரிக்கும் முன் இளவழகன் கையில் கொடுத்தீர்கள். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விரலால் புள்ளியைத் தடவினான். “எம் புள்ளிதானுங்க. எம் வேலைதானுங்க” என்றான். நான் அவன் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். அவன் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை. செத்தவரை நினைத்து வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு நிமிஷம் எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது. கிழிசலைப் பார்த்ததும், “இத முடிச்ச அன்னிக்கு எம்பொண்ணு இலக்கியாவுக்குச் சீர் விசேசமுங்க. அவசரத்துல என் கை தப்பிருச்சுங்க” என்று தலையைக் குனிந்துகொண்டான்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

நீங்கள் கைது செய்த அவன் ஜாமீனில் வந்து, கருமாதி அன்று ஜெயபிரகாஷின் வீட்டுக்குப் போனான். நானும் போயிருந்தேன். அவருடைய அம்மா செல்லியம்மாளின் காலில் விழுந்தான். ஊரே பார்க்கிறது, செருப்பால் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அவன் தலையைத் தொட்டு, “நீ வேணும்னா செஞ்ச? எந்திரி சாமி” என்று அழுதாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் சொல்கிற பேச்சா இது? எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

போன வாரம் ஒரு வண்டி வந்தது. புதுசு மாட்டலாம் என்றேன். “ஜாமீன்ல வந்துட்டாராமே, அவரு பட்டறையத் தெறக்கட்டுங்க, பொறுத்துக்கறேன்” என்று அந்த ஆள் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

நேற்று பிரபா ஒரு போசியில் குழம்பு ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்றேன். “அந்தண்ணன் சரியாச் சோறு திங்கறதில்லையாமாங்க” என்றாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, “வேற எவனா இருந்தாலும் பழியை மாட்டுனவன்மேல போட்டிருப்பான். உங்க பேர ஒரு வார்த்த எடுக்கலியேங்க அந்த மனுசன்” என்றாள்.

நேற்றிலிருந்து மனசாட்சி உறுத்துகிறது என்று சொன்னேனே, அது அப்போதுதான்.

குற்றவாளி என்றாகியும் அவனுக்குத்தான் நல்ல பெயர். செய்யாத குற்றத்திலும் அவன்தான் பெரிய மனுஷன். நான் செய்ததை அவன் தன் தலையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க இரக்கம் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அந்தச் சிலிண்டர் உங்களிடம்தான் இருக்கிறது. புள்ளியின் வாலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், ஒரு குறை சொல்ல முடியாது. கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். ஜெயபிரகாஷைக் கொன்றது நான் என்றே எழுதுங்கள், பரவாயில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள் மேடம். இதை வாசிக்கும்போது இளவழகனைக் கூப்பிட்டு என் எதிரே உட்கார வையுங்கள். அவன் தன் வேலை என்று சொன்னானே, அது என் வேலை என்று அவன் காதால் கேட்க வேண்டும்.