பதினெட்டுக் கையொப்பமும் ஆறு காலியிடமும்

வளையாத நெஞ்சும் வளைத்துப் பார்க்கும் கையும் வாய்த்த வெல்டிங் ஆய்வாளர் லோகநாதன் ஐயா அவர்களே! ஆரணி வட்டார அரிசி ஆலைகளுக்குக் கொதிகலன் செய்யும் இப்பட்டறையில், முப்பத்தோர் ஆண்டுகள் எங்களைத் திட்டித் திட்டியே தேற்றிய தகைமையாளரே! இன்று பணி ஓய்வு பெறும் தங்களுக்கு எங்கள் வணக்கம்.

எந்தத் தகட்டுக்கு எந்த ராடு, எவ்வளவு கரண்ட், எவ்வளவு இடைவெளி என்று எழுதிய செய்முறைத் தாளை எங்கள் கண்ணெதிரே ஒட்டிவைத்தீர்கள். பற்றவைத்த தகட்டை அறுத்து, லாடம்போல் வளைத்து, விரிசல் விடாதவருக்கே தகுதிச் சான்றிதழில் கையெழுத்திட்டீர்கள். பதினாறு ஆண்டு அனுபவம் என்று மார்தட்டிய என்னையும், "பேச்சு வேணாம்பா பலராமா, வளைச்சிக் காட்டு" என்று இருமுறை திருப்பி அனுப்பினீர்கள். மூன்று மாதம் தங்களோடு பேசாதிருந்தேன். அந்தப் பலராமன்தான் இதை வாசிக்கிறேன்.

இதற்குமேல் இனிக்க இனிக்கப் பேச மனமில்லை ஐயா, வயிறு எரிகிறது! அவசர ஆர்டர் என்று சொல்லி, புதிதாகச் சேர்ந்த பதினொருவருக்கும் சோதனையின்றிச் சான்றிதழ் கேட்டது நிர்வாகம். "இவுங்க அடிச்ச வெல்டு பொளந்துகினா, பாய்லர் பக்கத்துல நெல்லு அவிச்சிகினு இருக்கிற பொம்பளைங்க எங்க ஓடுவாங்க?" என்று கேட்டீர்கள். கேட்ட குற்றத்துக்குத் தங்கள் நாற்காலியைப் பழைய இரும்புக் கொட்டகைக்குத் தூக்கிப்போட்டார்கள். அங்கேயே பதினொருவரையும் சோதித்தீர்கள். ஐவர் தேறினர், அறுவரின் தகட்டில் விரிசல். இன்று காலைகூட அந்த அறுவரின் சான்றிதழை நீட்டி, "கடைசி நாள்தானே சார், ஜல்தியா போட்டுட்டுப் போங்க" என்றார்கள். நீட்டிய அதே கைதான் சற்றுமுன் தங்களுக்குப் பட்டுச் சால்வை போர்த்தியது! அந்தக் கைக்குக் கூச்சம் வேண்டாமா?

மேடையில் இருப்போர் கேட்டுக்கொள்ளட்டும். நாளைக்கே வேறொருவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாலும், தேறும்வரை அந்த அறுவரும் கொதிகலனைத் தொடமாட்டார்கள். நாங்கள் யாரும் தூண்டிவிடவில்லை, அவர்களே சொன்னது.

ஐயா, துணைவியார் ரேணுகாம்பாள் அம்மையாரோடு நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! ஓய்வு பெற்றாலும் வந்து திட்டுங்கள், பொறுத்துக்கொள்கிறோம்.

இம்மடலின் அடியில் பெயரெழுத இருபத்துநான்கு வரிகள் உண்டு. பதினெட்டில் எங்கள் கையொப்பம், அருகே, தேறியபோது தாங்கள் தந்த வெல்டர் எண். மீதி ஆறும் காலி. மறந்துவிட்டதல்ல. நேற்று நான் பேனாவை நீட்டியபோது, அறுவரில் மூத்தவரான குமரேசன் அதைத் திருப்பித் தந்தார்.

"இப்ப வேணாங்க. தகடு விரிசல் இல்லாம வளையட்டும், அப்புறம் போடறோம்."

இவண்,
தங்களிடம் வளைத்துக் காட்டித் தேறிய
வெல்டர்கள் பதினெண்மர், ஆரணி