எண்பத்து நான்கு பங்கு தண்ணீர்

ரப்பர் பால் உறைய ஆசிட் நிறையத் தேவையில்லை, சார். வெளியாட்கள்தான் அப்படி நினைத்துக்கொள்வார்கள். கேனில் வருவது எண்பத்தைந்து சதவீத ஆசிட். அதில் ஒரு பங்குக்கு எண்பத்து நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் ஒரு சதவீதம் ஆகிவிடும். முதலில் தண்ணீர், பிறகுதான் ஆசிட். கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாக அந்தக் கலவையை நான்தான் போடுகிறேன். பெரியதம்பி கலந்தால் பயமில்லாமல் கை வைக்கலாம் என்று ஷெட்டில் சொல்வார்கள்.

என் மகள் ரூபாவும் அங்கேதான் வேலை பார்த்தாள். தட்டுகளில் பாலை ஊற்றி, நான் கலந்து வைத்ததை விட்டுக் கிளறுவாள். சுனாமி வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. அவளையும் அவள் அம்மா சந்திரமதியையும் சேர்த்துத்தான் பிடித்தேன். ஒருத்தியைத்தான் விடாமல் வைத்துக்கொள்ள முடிந்தது.

சென்னையில் அவளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கப்பல். அதற்கு முன்னால் மெடிக்கல் டெஸ்ட்.

“மூணு வருஷந்தானே அப்பா, ஃபிக்கர் பண்ணாதீங்க. படிச்சு முடிச்சா இங்கதானே வரப்போறேன்” என்று என் கவலைக்குச் சமாதானம் சொன்னாள்.

மெயின்லேண்டுக்குப் போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள்? ஆனாலும் நான் சண்டை போடவில்லை. பெட்டிகூட நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் தண்ணீரைக் குறைத்தேன். எவ்வளவு குறைப்பது என்று காகிதத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அவள் கை சிவந்து கொப்புளிக்க வேண்டும், தழும்பு விழக்கூடாது. மெடிக்கலில் தள்ளிவிடுவார்கள், கப்பல் போய்விடும், இரண்டு வாரத்தில் புண் ஆறிவிடும். முதலில் என் முன்கையில் விட்டுப் பார்த்தேன். தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. பிறகு வழக்கமான வாளியில் ஊற்றி வைத்தேன்.

வாளியோடு வரும்போது ஈரத் தரையில் ரூபாவுக்குக் கால் வழுக்கியது. எல்லாம் முகத்தில் கவிழ்ந்தது.

“அப்பா, தண்ணி ஊத்துங்க, தண்ணி” என்றாள்.

ஊற்றினேன். அரைமணி நேரம் விடாமல் ஊற்றினேன். எண்பத்து நான்கு பங்குக்கு மேலேயே ஊற்றியிருப்பேன்.

ஷெட்டில் கூட வேலை பார்க்கும் ஒச்சம்மாதான் தப்பாகக் கலந்தாள் என்று நீங்கள் அவளை விசாரிக்கிறீர்கள். “நா வாளிய எடுத்துக் குடுத்தேன், அவ்ளோதானே அண்ணே” என்று நேற்று இந்த ஸ்டேஷன் வாசலில் நின்று அழுதாள். அவளுக்கு இந்தக் கணக்கே தெரியாது. அனுப்பிவிடுங்கள். கலந்தது நான். தெரிந்துதான் கலந்தேன்.

ரூபாவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. இப்போது நான்தான் தலை வாரிவிடுகிறேன், சோறு ஊட்டுகிறேன். கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். சென்னையில் ஆபரேஷன் செய்தால் ஒரு கண்ணிலாவது பார்வை வரலாம், மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்று டாக்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில்தான் இருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கடல் இப்போது சரியில்லை, சார். கப்பல் ரொம்ப ஆடும், பிள்ளை பயந்துவிடுவாள்.