யூசுப்பின் அம்மா பேசவில்லை

“அந்த யூசுப் ஏன் தம்பி வாயே தொறக்க மாட்டேங்கிறான்? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“விஜயாம்மா, அது மௌனம். அகதியோட...”

“முந்நூறு பக்கமுமா மௌனம்?”

“...அகதியோட மொழியே அதுதானுங்க. என்னையச் சொல்ல விடுங்க.”

“நான் விடுறேன். நீங்கதான் அவனச் சொல்ல விட மாட்டேங்கிறீங்க.”

இப்படித்தான் ஐயா பேசிக்கொண்டிருந்தோம். சண்டை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். ஜெர்சன் தங்கமான பிள்ளை. குன்னூரில் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, நாவல் எழுதுவதற்கென்றே நடுவட்டத்தில் என் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தார். எழுதி முடித்ததும் அச்செடுத்து முதலில் என்னிடம்தான் கொடுத்தார்.

கதையில் யூசுப் என்கிற சிரியாக்காரர் யுத்தத்தில் ஊரை இழந்து ஜெர்மனியில் வாழ்கிறார். என்ன செய்கிறார்? ஜன்னல் வழியே பனியைப் பார்க்கிறார். காபி ஆறுகிறது. மறுபடி பனியைப் பார்க்கிறார். நாங்களும்தான் வருஷமெல்லாம் மலையை மூடுகிற மஞ்சைப் பார்க்கிறோம், அதற்காக வாயைத் தைத்துக்கொண்டா இருக்கிறோம்? எனக்குக் கதை என்றால் அவன் ஒன்று சொன்னான், இவள் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான். இதில் அப்படி எதுவும் இல்லை. பெருத்த ஏமாற்றம்.

நடுவில் ஓரிடத்தில் யூசுப்பின் அம்மா அம்மிக்கல்லோடு துறைமுகத்தில் நிற்கிறாள். கல்லைக் கொண்டுபோகக் கூடாது என்கிறான் அதிகாரி. அவள் கடலைப் பார்க்கிறாள். பக்கம் பக்கமாகப் பார்க்கிறாள். பிறகு கல்லை வைத்துவிட்டுக் கப்பல் ஏறுகிறாள்.

அது என் அம்மா, ஐயா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது தலைமன்னாரில் நடந்தது. ஜெர்சனுக்குச் சொன்னதே நான்தான்.

“கல்லெல்லாம் கப்பல்ல ஏத்த ஏலாது” என்றான் அதிகாரி.

“சரிங்க தொரை. அப்ப இங்கனயே குந்தி மொளகா அரைச்சு முடிச்சிர்றேன். அதுவரைக்கும் கப்பல் நிக்கட்டும்.”

சொன்னதோடு நில்லாமல் உட்கார்ந்தும் விட்டாள். வரிசையே சிரித்தது, அதிகாரியும் சிரித்தான். கல் கப்பலேறியது. இன்றும் என் அடுப்படியில்தான் கிடக்கிறது.

“அந்தப் பேச்ச மட்டும் போட்டிருங்க தம்பி” என்று கேட்டேன்.

“காமெடி ஆயிருமுங்க. சோகம் நிக்காது.”

“அப்ப சிரியாக்காரனத் தூக்கிட்டு எங்கம்மாவ வைங்க.”

“எஸ்டேட் ஆளுங்க கதைய யாருங்க படிப்பாங்க? நாளைக்குப் பதிப்பகத்துக்கு அனுப்பறேன். பாருங்க, எல்லாரும் அழுவாங்க.”

கோபமா? அதெல்லாம் இல்லை. அன்று மத்தியானம் அதே அம்மியில் தேங்காய்த் துவையல் அரைத்துப் போட்டேன், கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெளியே மஞ்சு இறங்கிவிட்டது. குளிருது, கொஞ்சம் படுக்கறேன் என்றார். கரியடுப்பு மூட்டி அறையில் வைத்தேன். சீசனுக்கு இங்கே வந்து தங்குகிறவர்களிடமெல்லாம் நான் படித்துப் படித்துச் சொல்வது ஒன்றுதான்: கரியடுப்பு கனலும்போது ஜன்னலை மூடாதீர்கள், தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். ஜெர்சனிடமும் சொல்லியிருந்தேன். சமத்தாகத் திறந்து வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

நீங்கள் கேட்டது நியாயம், இன்ஸ்பெக்டர் ஐயா. அம்மியின் குழவி தானாக நடந்து வீட்டுக்குப் பின்னால் போகாது. வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னல் அது, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சாத்தினேன். மறுபடி திறந்துகொள்ளாமலிருக்கக் குழவியை முட்டுக் கொடுத்தேன். பிறகு உள்ளே வந்து கதவைத் தாழிட்டேன், அவர் பக்கம் அல்ல, என் பக்கம்.

டீ போட்டுக் குடித்தேன். பேனா எடுத்து நாவலைத் திருத்த உட்கார்ந்தேன். யூசுப் வீட்டுச் சொந்தக்காரியோடு பேசினான், பஸ் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றான். பிரமாதமாக வந்தது ஐயா. துறைமுகப் பக்கத்தை மட்டும் அவரைக் கேட்காமல் தொட மனசு வரவில்லை. அடுத்தவர் எழுத்தில் கைவைக்கிற ஆள் இல்லை நான்.

பொழுது சாய்வதற்குள் கதவைத் திறந்தேன். புகை நெடி அடங்கியதும் அவர் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு, அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

“இப்பச் சொல்லுங்க தம்பி, எங்கம்மா ஏன் பேசாம நிக்கிறா?”