அண்ணை கதைச்ச தமிழ்

"விழுந்து படு! படடி!"

அண்ணை கத்துறார். பிள்ளையள் ரெண்டையும் இழுத்துக்கொண்டு வேலியோடை விழுறன். மேலை ஹெலி. டக டக டக. வாழையிலை கிழிஞ்சு முதுகிலை விழுது. வாய்க்குள்ளை மண். யாழ்ப்பாணம், 1987, ஐப்பசி. காலமை. திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் புகை. கும். ஒரு மூச்சு விடுற நேரம். திரும்பக் கும்.

நல்லூர்க் கோயிலுக்கு ஓடுறம். கோயிலுக்கு அடிக்கமாட்டினமாம். என்ரை மனிசன் முன்னுக்குப் போறார். அண்ணை நடுவிலை. பின்னாலை, ஒழுங்கை வளையிற முடக்கிலை நானும் பிள்ளையளும். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு.

முடக்குக்கு அங்காலை இந்தியன் ஆமி. துவக்கு லோட் பண்ணுற சத்தம் கேக்குது. என்ரை மனிசன் கையைத் தூக்கிக்கொண்டு கத்துறார்.

"சுடாதேங்கோ! பெடியள் பின்னாலை வருகினம்!"

எங்கடை ஊரிலை பெடியள் எண்டால் பிள்ளையளும்தான், துவக்குத் தூக்கின இயக்கக்காரரும்தான். ஆரைச் சொல்லுறம் எண்டு எங்களுக்கு விளங்கும். முன்னுக்கு நிண்ட ஆமிக்காரன் கடலுக்கு அங்காலைத் தமிழன். வந்து மூண்டு மாசத்திலை அவன் படிச்ச எங்கடை சொல்லு அது ஒண்டுதான். மனிசனைத் துவக்குப் பிடியாலை அடிச்சு விழுத்தினான். பிறகு துவக்கு எல்லாம் ஒழுங்கைப் பக்கம் திரும்பிச்சுது.

"சுடாதீங்க சார்! குழந்தைங்க சார்! சின்னக் குழந்தைங்க!"

அது அண்ணை. அவங்கடை தமிழ்.

ஒருத்தன் மற்றவனைப் பாத்தான். சுடேல்லை. என்ரை பிள்ளையள் கையை மேலை தூக்கிக்கொண்டு முடக்காலை வெளியிலை வருதுகள். ஒருத்தரும் பழக்கேல்லை. தாங்களாத் தூக்கினதுகள்.

அண்ணை மெட்ராசிலை பத்து வருசம் அச்சகத்திலை வேலை செய்தவர். கலியாணம் கட்டேல்லை. திரும்பி வந்து எங்களோடை இருந்தார். வாய் தவறி "ஆமா" எண்டுவார். ஊர் முழுக்கச் சிரிக்கும். "மெட்ராஸ் வருது, மெட்ராஸ் வருது" எண்டு பகிடி. ஒரு கூட்டத்திலையும் அவரை ஒருத்தரும் வாய் திறக்க விட்டதில்லை. ஊரிலை முதலிலை, ஊரலுவல் பாக்கிற விதானையும் வாத்திமாரும் சொன்னது நடந்தது. பிறகு பெடியள் சொன்னது நடந்தது. பிறகு அமைதி காக்க எண்டு அவை வந்தினம். நாங்கள் மாலை போட்டனாங்கள். நானும் ஆலாத்தி எடுத்தனான். வெட்கங்கெட்ட சனம்.

ஐப்பசிக்குப் பிறகு சந்தியிலை அவங்கடை காம்ப். எங்கடை படலை வாசலிலை விடியமுதல் சனம்.

"அண்ணை, என்ரை மோனைப் பிடிச்சுப்போட்டாங்கள். ஒருக்காக் கதைச்சு விடுங்கோ."

பகிடி பண்ணின அதே வாய்கள்தான். அண்ணை போவார். சிலதுகள் திரும்பி வந்ததுகள். சிலதுகள் வரேல்லை. பொய் சொல்லக்கூடாது, அவருக்கு அது பிடிச்சிருந்தது. சேட்டை மடிப்பு விழ மினுக்கிப் போட்டுக்கொண்டுதான் போவார்.

"மச்சான், உவங்கள் ஒருநாள் தங்கடை நாட்டுக்குப் போயிடுவாங்கள். நாங்கள் இஞ்சைதான் இருக்கோணும்" எண்டார் என்ரை மனிசன்.

"உன்ரை பிள்ளையள் உயிரோடை இருக்கிறது இந்த வாயாலை" எண்டார் அண்ணை.

1990 பிறந்தது. ஆமிக்காரர் கப்பலேற லொறி லொறியாக் காங்கேசன்துறைப் பக்கம் போச்சினம். ஊர் திரும்பப் பெடியளின்ரை கைக்கு மாறிச்சுது. சைக்கிளிலை ரெண்டு பேர் வருகினம். மீசை அரும்பாத முகங்கள்.

"உவங்களோடை என்ன கதைச்சனீர்?"

"சனத்துக்காகத்தான் கதைச்சனான் தம்பி."

"ஒரு சின்ன விசாரணை. பின்னேரம் விடுவம்."

அண்ணை மினுக்கின சேட்டைப் போட்டுக்கொண்டு போறார். இண்டைவரைக்கும் அந்தப் பின்னேரம் வரேல்லை.

நான் வீடு வீடாப் போனனான். அவர் மீட்டுக் குடுத்த பிள்ளையளின்ரை வீடுகளுக்கு. "ஒருக்காக் கதைச்சு விடுங்கோ" எண்டு கெஞ்சினனான். ஒராளுக்குக் காய்ச்சல். ஒராள் பின்பக்கத்தாலை போயிட்டார். ஒருத்தி மட்டும் படலை வரை வந்தா.

"எங்களுக்கும் பிள்ளையள் இருக்கல்லோ, தங்கச்சி."

இருக்குதுகள்தான். ஆராலை இருக்குதுகள்? நல்லா இருங்கோ எண்டுபோட்டு வந்திட்டன். நான் அப்பிடி வாழ்த்தேல்லை எண்டு அவவுக்கும் தெரியும்.

இப்ப ஆராரோ வந்து என்ன இழந்தனீங்கள் எண்டு கேக்கினம். எண்ணுறன், கேளுங்கோ. வீட்டுக் கூரை. மாடு ரெண்டு. மனிசன்ரை வலக் காது, அந்த அடியோடை கேளாமல் போனது. பெடியள் எண்ட அந்த ஒரு சொல்லை நினைச்சு மனிசன் சாகும்வரை அழுதவர். அண்ணை. அவருக்கு எந்தக் கல்லிலையும் பேரில்லை. வந்தவைக்கு அவர் ஆருமில்லை, இருந்தவைக்குத் துரோகி.

மிஞ்சினது பிள்ளையள் ரெண்டு. மகள் கனடாவிலை. போன கிழமை அவளின்ரை சின்னன் போனிலை கதைச்சுது. சாப்பிட்டனியோ எண்டு கேட்டன்.

"ஆமா அம்மம்மா."

படம் பாத்துப் பழகின தமிழ். போனுக்குள்ளை கத்துறன்.

"ஆமா எண்டாதை! ஓம் எண்டு சொல்லு! ஓம் எண்டு சொல்லடி!"

பிள்ளை பயந்து அழத் தொடங்கிட்டுது.