சோளக் கோப்பை விவகாரத்தில் குப்பை அறை ஊழியர் தாமாக வந்து சொன்னது

துறைமுகக் காவல் நிலையத்தில் வியாழக்கிழமை முற்பகல் பத்து நாற்பதுக்கு, யாரும் அழைக்காமல் நேரில் வந்தவர் சொல்லச் சொல்ல நிலைய எழுத்தர் பதிவு செய்தது.

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் மூன்றும் என் கப்பல் அடையாள அட்டையைப் பார்த்து முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன, அவை சரியே. வயது ஐம்பத்திரண்டு. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, கூடப் பிறந்தது ஒரே தங்கை. தற்போது இத்துறைமுகத்தில் நிற்கும் சுற்றுலாக் கப்பலின் குப்பை அறையில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். குப்பை அறை என்றால் குப்பையைப் போட்டுவைக்கும் அறை இல்லை, பிரிக்கும் அறை. இதைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, இங்கேயும் ஒருமுறை சொன்னேன்.

மேற்படி அறை கப்பலின் அடித்தளத்தில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. மேலே மூவாயிரம் பேர் தின்று, குடித்து, கிழித்து, கசக்கிப் போடுவதெல்லாம் பைகளில் எங்கள் மேஜைக்கு வரும். பையைக் கொட்டிக் கையால் நான்காகப் பிரிப்போம். கண்ணாடியை நொறுக்குவோம், காகிதத்தை எரிப்போம், பிளாஸ்டிக்கை இயந்திரத்தில் அழுத்திக் கட்டுகளாக்கித் துறைமுகத்தில் இறக்குவோம். சாப்பாட்டு மிச்சம் மட்டும் அரைக்கும் இயந்திரத்தில் கூழாகித் தொட்டிக்குப் போகும், சட்டம் சொன்ன தூரம் கரையை விட்டு விலகியதும் அது கடலில் விடப்படும். அதற்கு அனுமதி உண்டு. பிளாஸ்டிக்கில் ஒரு துணுக்கைக் கூடக் கடலில் விட அனுமதி கிடையாது. இது அந்த அறையில் முதல் நாளே சொல்லித் தரப்படுவது, எனக்கும் சொல்லித் தரப்பட்டது.

ஐந்து மாதம் முன்பு, ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் இனி இந்தக் கப்பலில் கிடையாது என்று கம்பெனி அறிவித்தது. உறிஞ்சு குழல், தண்ணீர் பாட்டில், குட்டிக் குட்டி ஷாம்பூ டப்பா எல்லாம் நின்றன. சும்மா பேச்சுக்கு அறிவித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தினம் பதினொரு கட்டு கட்டிய இடத்தில் நான்கு கட்டுதான் கட்டினோம், முதுகு வலி குறைந்தது. அதன் பிறகு ஊழியர்கள் சாப்பிடும் கூடத்துப் பலகையில் கட்டுகளின் எண்ணிக்கையை வாரா வாரம் எழுதினார்கள், பக்கத்தில் என் போட்டோவை ஒட்டினார்கள். பதினான்கு வருடத்தில் என் முகத்தை யாரும் எங்கேயும் ஒட்டியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

அதன் பிறகு நீச்சல் குளத்தடியில் ஒரு சிக்கல் வந்தது. வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் கண்ணாடி டம்ளர் கொடுக்க முடியாது. அதனால் புதிதாக ஒரு கோப்பையை வாங்கினார்கள். பார்க்கப் பழைய பிளாஸ்டிக் கோப்பை மாதிரியேதான் இருந்தது, பெட்டியில் மட்டும் ஒரு பச்சை இலை படம், சோளத்திலிருந்து செய்தது என்ற வாசகம். தினமும் ஆயிரக்கணக்கில் அவை கீழே வந்தன. எந்தத் தொட்டியில் போடுவது என்று எழுத்தில் யாரும் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக்கோடு சேர்த்தேன். நான்கு கட்டு ஏழு கட்டாயிற்று.

மூன்றாம் நாள் காலை ஸ்டோர் அதிகாரி நேரில் இறங்கி வந்தார். அவர் கீழே வருவது அபூர்வம், வந்தால் மூக்கில் கைக்குட்டையோடு வருவார். "என்னய்யா, இலை படம் கண்ணுக்குத் தெரியலையா? சோளத்த யாராச்சும் பிளாஸ்டிக்ல போடுவாங்களா? சாப்பாட்டோட அரைச்சு விடு" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று முதல் மேற்படி கோப்பைகளை அரைக்கும் இயந்திரத்தில் போட்டது நான். இயந்திரப் பதிவேட்டில் 'உணவுக் கழிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்.

அதற்கடுத்த வாரம் இயந்திரம் அடைத்துக்கொண்டது. மூடியைக் கழற்றிப் பார்த்ததில் சாப்பாடு கூழாகியிருந்தது, கோப்பை ஆகவில்லை. வெட்டிப் போட்ட நகம் மாதிரி துண்டு துண்டாக நின்றது. ஒரு பிடி அள்ளி, வாளியில் கடல் தண்ணீர் பிடித்து, அதில் போட்டு வைத்தேன். மூன்று வாரம் கழித்தும் அப்படியே மிதந்தது. வாளியோடு ஸ்டோர் அதிகாரியிடம் போனேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வாளியில எப்படிய்யா கரையும்? கடல்ல கரையும். உன் வேலையப் பாரு" என்றார். நான் வாளியைக் கவிழ்த்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். கடலில் மட்டும் எப்படிக் கரையும் என்று கேட்க எனக்கு வாய் இருந்தது. கேட்டால் கட்டு ஏழாகும், பலகையில் எண் ஏறும், அதற்குப் பக்கத்தில் என் மூஞ்சி இருக்கும். இந்த வயதிலும் அந்தச் சின்னப் புத்தி எனக்கு இருந்தது.

சென்ற வாரம் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, கப்பல் மருத்துவர் ஐந்து நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்றார். எனக்குப் பதிலாகச் சலவைப் பிரிவிலிருந்து ஒருவரை இயந்திரத்துக்கு மாற்றினார்கள். தற்போது இந்த நிலையத்தில் காவலில் இருப்பவர் அவரே, என் தங்கையின் கணவர். நான் சிபாரிசு செய்து கப்பலில் சேர்த்தவர். எதையும் நோண்டி நோண்டிக் கேட்கிற ஆள், சலவைக்கு வரும் சட்டைப் பையில் கிடக்கிற மூக்குக் கண்ணாடியைக் கூட உரியவர் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். அவர் என் அறைக் கதவுக்கு வெளியே நின்று, "மச்சான், இந்த இலை போட்ட கப்பு நெஜமாவே கரையுமா?" என்று கேட்டார். படுத்தபடியே, "கரையும் மாப்பிள்ள, கண்ணை மூடிட்டுப் போடுங்க" என்றேன். நான் சொன்னால் அவர் அதற்கு மேல் கேட்க மாட்டார். கேட்கவில்லை.

அதன் பிறகு திங்கட்கிழமை காலை இத்துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றதும் கடல் மாசுத் துறை ஆய்வாளர்கள் இருவர் ஏறினார்கள். குளிக்கும் கடற்கரையில் ஒதுங்கிய துண்டுகள் ஒரு பையில் அவர்களிடம் இருந்தன, சிலவற்றில் எங்கள் கப்பலின் சின்னம் பாதி தெரிந்தது. கூழ்த்தொட்டியைத் திறந்து பார்த்தார்கள், அடியிலும் அதே துண்டுகள். சோளத்தில் செய்தாலும் கடல் சட்டப்படி அதுவும் பிளாஸ்டிக்தான் என்று ஆய்வாளர் சொன்னார். அதைக் கேட்டு ஸ்டோர் அதிகாரி ஆச்சரியப்பட்டதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பதிவேட்டின் கடைசி ஐந்து நாளில் மாப்பிள்ளை கையெழுத்து இருந்தது. "பழகின ஆளு காய்ச்சல்ல படுத்துட்டாரு. சலவையிலேர்ந்து வந்தவரு தெரியாத்தனமா அரைச்சுட்டாரு, அஞ்சு நாள்தான்" என்றார் ஸ்டோர் அதிகாரி.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பி, நான் இருந்த நாட்களில் கோப்பைகள் இயந்திரத்தில் போடப்பட்டனவா என்று கேட்டார். எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் பிரிக்கும் மேஜை மட்டும்தான் இருந்தது. "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மச்சான்தான் போடச் சொன்னார் என்று. சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி, இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி, மேஜை மேல் வைத்துவிட்டு அவர்களோடு போனார்.

அதன் பிறகு மூன்று நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வழக்கு அவர் மேல் நின்றால் சிறை என்றும், வெளியே வந்த பிறகு எந்தக் கப்பலும் அவரை ஏற்றாது என்றும் கப்பலில் பேசிக்கொண்டார்கள். நேற்று மதியம் தங்கை போன் செய்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நீங்க கூட இருக்கீங்கல்ல அண்ணா, அது போதும். அவருக்கு ஒண்ணும் ஆக விட மாட்டீங்க" என்றாள். அவருக்கு மாற்றுத் துணி இருக்கிறதா, நேரத்துக்குச் சாப்பாடு தருகிறார்களா என்று கேட்டாள். எல்லாம் இருக்கிறது என்றேன். அது எனக்குத் தெரியாது, அதையும் பொய்யாகவே சொன்னேன்.

இன்று காலை ஸ்டோர் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, கப்பல் மதியம் புறப்படுகிறது என்றும், அடுத்த ஒப்பந்தத்தில் என்னை மேற்பார்வையாளராகப் போடத் தான் எழுதியிருப்பதாகவும், பழைய கதை எதையும் கிளற வேண்டாம் என்றும் சொன்னார். சரி சார் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி நேராக இங்கே வந்தேன்.

மேற்கண்ட யாவும் எனக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டன. அதில் ஓரிடத்தில், கோப்பைகள் கரையும் என்று நானும் நம்பி மாப்பிள்ளையிடம் சொன்னதாக எழுதப்பட்டிருந்தது. அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அதை அடித்தால் அறியாமல் செய்த பிழை என்று நான் சொல்லிக்கொள்ள வழியிருக்காது, தெரிந்தே செய்த குற்றமாகிவிடும் என்று நிலைய அதிகாரி விளக்கினார். புரிகிறது என்றேன். உட்கார்ந்து யோசிக்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். பிறகு அந்த இடத்தில், கரையாது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே கரையும் என்று அவரிடம் சொன்னேன் என எழுதச் சொன்னேன். அப்படியே திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்கள், அதை முதலில் போட்டேன்.

யார் மிரட்டியும் ஆசை காட்டியும் இதைச் சொல்லவில்லை. சொன்னதில் பொய் இல்லை, விட்டதும் எதுவும் இல்லை.

(ஒப்பம்)