கணக்கில் வராத கட்டில்

கிளார்க்: ...இல்ல சிஸ்டர், மூணு தடவ கூட்டிட்டேன். ஒரு கட்டில் இடிக்குது.

சிஸ்டர்: ஆயிரத்துச் சொச்சம் கட்டில்ல ஒண்ணுதானே? விட்டுத்தள்ளு. பன்னெண்டு மணிக்கு ஆண்டறிக்கை பிஷப் மேசைல இருக்கணும்.

கிளார்க்: ஆயிரத்து முந்நூத்துப் பன்னெண்டு கட்டில். எல்லாத்துலயும் ஆள் இருக்குன்னு எழுதியிருக்கு. ஆனா ராத்திரி மெஷின்ல விரல் வச்சவங்க ஆயிரத்து முந்நூத்துப் பதினோரு பேர்தான். ஏழாவது பெண்கள் வீட்டுலதான் ஒண்ணு குறையுது. ஆறு வாரமா.

சிஸ்டர்: நீ வேலைக்கு வந்தும் ஆறு வாரம்தான். உன் ராசியோ என்னவோ.

கிளார்க்: கிண்டல் பண்ணாதீங்க. நாளைக்கு யாராவது கேட்டா என் தலைலதான் விழும்.

சிஸ்டர்: சரி, மேல படி.

கிளார்க்: நம்ம சபை நடத்தறது மொத்தம் அறுபத்து மூணு இடம். முதியோர் இல்லம் ஒம்போது, ஆஸ்பத்திரி நாலு, தையல் வகுப்பு பதினொண்ணு, பெண்கள் வீடு ஏழு. அந்த ஏழாவதுக்கு மட்டும் விலாசம் இல்ல, நம்பர்தான் இருக்கு. அப்புறம் மத்தியானச் சாப்பாடு போடற இடம் முப்பத்திரண்டு, தினம் நாலாயிரத்து இருநூறு பேருக்கு...

சிஸ்டர்: பின்வாசல்ல வேன்ல அண்டா ஏத்தறாங்க, கேக்குதா? பன்னெண்டுக்குக் கிளம்பிடும். ம், படி.

கிளார்க்: உதவி வாங்கினவங்க நாப்பத்தோராயிரம்னு போன வருஷம் போட்டிருக்கு. அது தப்பு சிஸ்டர். ஒரே ஆள் காலைல ஆஸ்பத்திரிக்குப் போய், மத்தியானம் இங்க சாப்பிட்டு, ராத்திரி அங்க படுத்தா, நாம மூணு பேர்னு எழுதறோம்.

சிஸ்டர்: மூணு பேர்தான். காலைல நோயாளி, மத்தியானம் பசிச்சவன், ராத்திரி வீடில்லாதவன்.

கிளார்க்: பிரசங்கம் நல்லாத்தான் இருக்கு. மெஷின் ஒத்துக்காது.

சிஸ்டர்: உன் பைல போன் அதிருது பாரு. யாரு?

கிளார்க்: வீட்டுல இருந்து. அப்புறம் பேசிக்கறேன்.

சிஸ்டர்: பத்து நிமிஷத்துல இது நாலாவது தடவ.

கிளார்க்: அண்ணன். அவருக்குப் பொறுமை கிடையாது... சிஸ்டர், இன்னொண்ணு காட்டணும். இந்த விரல் பதிவு. கட்டைவிரல் ஒண்ணு, பேர் நாலு. ஆஸ்பத்திரில ஒரு பேர், தையல் வகுப்புல ஒரு பேர், பெண்கள் வீடு ரெண்டுல ரெண்டு பேர். பொய்ப்பேர்ல வந்தா அந்தப் பதிவை எல்லா இடத்துலயும் அழிச்சுடணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?

சிஸ்டர்: சட்டம் போட்டதும் நான்தான். அந்த நாலு பேரும் வச்சதும் நான்தான்.

கிளார்க்: நீங்களா?

சிஸ்டர்: அவ புருஷன் ஒவ்வொரு வாசல்லயா வந்து நின்னான். அவன் வர வர, அவளுக்கு வேற வீடு, வேற பேர். இத்தனை இடம் வச்சு நடத்தறது பின்ன எதுக்கு? பிஷப்புக்குப் பெருசா எழுதிக் காட்டவா?

கிளார்க்: இப்ப... எங்க இருக்கா?

சிஸ்டர்: உனக்கு எதுக்கு அது?

கிளார்க்: மெஷின் கேக்குது. நாலையும் ஒண்ணா சேக்கவான்னு. சரின்னு அமுக்கினா, இப்ப தங்கற விலாசத்தோட ஒரே தாளா வந்துடும்.

சிஸ்டர்: அமுக்கு.

கிளார்க்: சிஸ்டர்?

சிஸ்டர்: அமுக்கேன். ஆறு வாரமா ஒவ்வொரு வீட்டுப் பதிவேட்டையும் கேட்டு வாங்கி வாங்கிப் புரட்டினியே. இப்ப விரல் நுனில இருக்கு.

கிளார்க்: அது... வேலைக்காகப் பாத்தேன்.

சிஸ்டர்: இதுவும் வேலைதான். மணி பதினொண்ணே முக்கால். என்ன யோசனை?

கிளார்க்: அந்தத் தாள் அறுபத்து மூணு இடத்துக்கும் போகுமே. யார் கண்ணுலயாவது பட்டா? குழந்தை வேற இருக்கு...

சிஸ்டர்: எந்தக் குழந்தை? இந்த நாலு பதிவுலயும் குழந்தைன்னு ஒரு எழுத்து கிடையாது. எழுத வேண்டாம்னு சொன்னதே நான்.

கிளார்க்: பொதுவா சொன்னேன் சிஸ்டர். இந்த மாதிரி வர்றவங்க குழந்தையோடதானே...

சிஸ்டர்: பொதுவா. சரி. இந்தப் புழுக்கத்துல எதுக்கு மணிக்கட்டு வரைக்கும் மூடின சட்டை?

கிளார்க்: பஸ்ல இடிச்சுக்கிட்டேன்.

சிஸ்டர்: நான் சட்டையைத்தானே கேட்டேன். கையை ஏன் மேசைக்கு அடில கொண்டு போற?

கிளார்க்: உங்க போன் அடிக்குது.

சிஸ்டர்: ஹலோ... ம்... யாராம்? ...சரி. கேட்டுக்கு வெளியவே நிக்க வை... வாட்ச்மேன்தான். ஒருத்தன் வந்து நிக்கறானாம். தங்கச்சி இங்கதான் வேலை பாக்குதாம். ஒரு தாள் தரேன்னு சொல்லிச்சாம்.

கிளார்க்: உள்ள விடாதீங்க.

சிஸ்டர்: உன் அண்ணன்தானேம்மா?

கிளார்க்: விடாதீங்க சிஸ்டர், உங்கள கெஞ்சிக் கேக்கறேன்.

சிஸ்டர்: அப்ப சொல்லு. மறைக்காம சொல்லு.

கிளார்க்: அவ... எங்க அண்ணி. அவ தப்பிச்சு வந்தது எங்க வீட்டுல இருந்துதான். என்னை இந்த வேலைக்கு அனுப்பினதே அண்ணன்தான். அவ எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லத்தான்.

சிஸ்டர்: பாத்துட்ட. ஏன் சொல்லல?

கிளார்க்: அந்த விரல நான் இன்னைக்குக் கண்டுபிடிக்கல. இருபத்து மூணு நாளாச்சு. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போய் 'இன்னும் கிடைக்கல'ன்னு சொல்றேன். ஒவ்வொரு நாளும் அதுக்கு வாங்கிக் கட்டிக்கறேன். இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள தாள் வரலன்னா, அண்ணிக்குச் சேர வேண்டியதையும் சேத்து எனக்கே தரேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கார்.

சிஸ்டர்: பின்ன எதுக்கு என்கிட்ட எடுத்துக் காட்டின?

கிளார்க்: நீங்க கோவத்துல எல்லாத்தையும் அழிச்சுடுவீங்கன்னு நெனச்சேன். அழிக்க உங்களால மட்டும்தானே முடியும். நான் நல்லவ இல்ல சிஸ்டர். எனக்குப் பயம். இன்னைக்கு அடிச்சா வாய விட்டுடுவேன்னு பயம். தெரியாம இருந்தா, எவ்வளவு அடிச்சாலும் சொல்ல ஒண்ணும் இருக்காதுல்ல?

சிஸ்டர்: அழிக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லம்மா. அந்த ஏழாவது வீட்டு விலாசத்த நான் எந்த மெஷின்லயும் ஏத்தல. நீ அமுக்கியிருந்தா வெறுந்தாள்தான் வந்திருக்கும்.

கிளார்க்: அப்ப என்னை அமுக்கச் சொன்னது...

சிஸ்டர்: அமுக்கறியான்னு பாக்கத்தான். நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியாது. அவதான் அடிச்சுச் சொன்னா, நீ அமுக்க மாட்டேன்னு.

கிளார்க்: யாரு?

சிஸ்டர்: பையை எடு. போனை இங்கயே வச்சுடு. பின்வாசல் வழியா போய் சாப்பாட்டு வேன்ல ஏறு, எங்க இறக்கணும்னு டிரைவருக்குத் தெரியும்.

கிளார்க்: அறிக்கைல அந்தக் கட்டில்... முந்நூத்துப் பதினொண்ணுன்னு திருத்தவா? அண்ணிக்கு நான் இங்க இருக்கறது தெரியுமா சிஸ்டர்?

சிஸ்டர்: நீ வேலைக்குச் சேந்த அன்னைக்கே சாப்பாட்டுக் கூடத்துல உன்னைப் பாத்துட்டு என்கிட்ட ஓடி வந்தா. அப்பவே உன்னை அனுப்பிடறேன்னேன், வேண்டாம்னுட்டா. 'நான் வந்த பிறகு அந்த வீட்டுல அடி வாங்க அவ ஒருத்திதான் இருக்கா'ன்னு சொல்லி அழுதா. நீ எதையும் திருத்தாதே, முந்நூத்துப் பன்னெண்டுன்னே இருக்கட்டும். இடிக்குது இடிக்குதுன்னியே, அந்தக் கட்டில் உன் அண்ணி பக்கத்துல இருக்கு. ஆறு வாரமா வேற யாரையும் படுக்க விடாம, தினம் போர்வை மாத்தி, உனக்காகப் பிடிச்சு வச்சிருக்கா.